“சின்ன வயசுல பெத்தவளுக்கு மன அழுத்தமா?”

“பாட்டி பதினாறு வயசுல பெத்தாங்க, அவங்களுக்கு எந்த மன அழுத்தமும் வரலை. மாத்திரை போட்டா தாய்ப்பால் விஷமாயிடும்” என்றொரு தகவல் குடும்ப வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றுகிறது. இரண்டுமே தவறு.

பிரசவித்த பெண்களில் உலக அளவில் சுமார் 13 சதவீதம் பேருக்கு, வளரும் நாடுகளில் 19.8 சதவீதம் பேருக்கு, ஒரு மனநலச் சிக்கல், பெரும்பாலும் மனச்சோர்வு, வருவதாக உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. இளவயதுத் தாய்மார்களுக்கு இந்த ஆபத்து குறைவில்லை, அதிகம். பாட்டி காலத்திலும் இது இருந்தது; “காத்து கருப்பு” என்று சொல்லி மந்திரித்தார்கள், அவ்வளவுதான்.

பிரசவமான மூன்றாம் நாள் காரணமில்லாமல் அழுகை வருவது இயல்பு, இரண்டு வாரத்துக்குள் தானாக அடங்கும். அதைத் தாண்டியும் நீடித்தால் கவனியுங்கள். பிள்ளை தூளியில் அயர்ந்து தூங்கும், தாய் மட்டும் விடிய விடிய விழித்திருப்பாள். பால் கொடுப்பாள், குழந்தையின் முகம் பார்க்க மாட்டாள். அது திமிரும் இல்லை, சோம்பலும் இல்லை.

மனச்சோர்வுக்குத் தரும் செர்ட்ராலின் போன்ற மருந்துகள் தாய்ப்பாலில் மிகக் குறைவாகவே கலக்கின்றன. பால் கொடுத்துக்கொண்டே சாப்பிடலாம் என்று மருத்துவர்களே எழுதித் தருகிறார்கள். ஃபார்வர்டைப் படித்துவிட்டு மாத்திரையைப் பாதியில் நிறுத்துவதுதான் ஆபத்து.

அரசின் மனநல உதவித் தொலைபேசிச் சேவையான டெலி மானஸ் எண் 14416. கட்டணமில்லை, தமிழிலேயே பேசலாம். யாருமே பேசாதபோது குரல் காதில் கேட்டாலோ, தன்னையோ பிள்ளையையோ ஏதாவது செய்துகொள்ளத் தோன்றுகிறது என்றாலோ, போனோடு நிற்காதீர்கள். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள், அவளைத் தனியே விடாதீர்கள்.