எத்தனை மாசம்?

போன மாதம் தலவாக்கலையில் ஒரு கல்யாண வீடு. பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மா ஒருவர் எங்கள் மதினியைப் பார்த்து, "எத்தனை மாசம் புள்ள?" என்று கேட்டுவிட்டார். மதினிக்கு வயது 46. கடைசிப் பையன் ஏ.எல். படிக்கிறான். "பதினெட்டு வருசமா இதே மாசந்தாங்க" என்று சொல்லிவிட்டு மதினி அப்பளத்தை நொறுக்கினார். எல்லோரும் சிரித்தோம். ராத்திரி வீட்டுக்கு வந்த பிறகு அழுதார்.

மூன்று பிள்ளைகள், மூன்றும் சிசேரியன். அடிவயிற்றுத் தோல் மடிந்து தொங்குகிறது. தேயிலைக் கொழுந்து பறிக்க மலைக்குப் போகும்போது இடுப்பில் படங்குத் துணியைச் சுற்றிக் கயிற்றை இறுக்கவேண்டும். கயிறு சரியாக அந்த மடிப்பின் மேல்தான் விழும். மழை ஈரம், வேர்வை, உரசல், எல்லாம் சேர்ந்து மடிப்புக்குள் புண். பாமசியில் கிரீம் வாங்கிப் பூசினால் பத்து நாளில் ஆறும், அடுத்த மழைக்குத் திரும்பி வரும். இதைச் சத்திரசிகிச்சையால் சரிசெய்யலாமா என்று வெளியே கேட்டால், "இந்த வயசுல அழகு கேக்குதா?" என்பார்கள். ஓர் ஆஸ்பத்திரியில் தாதி ஒருவரே அப்படிச் சொன்னதை நான் பக்கத்தில் நின்று கேட்டேன்.

அழகுக்காகத்தான் என்றாலும் அதில் தப்பில்லை, அது வேறு கதை. என் ஆத்திரம், அந்த ஒரு சொல்லோடு எல்லோரும் பேச்சை முடித்துவிடுகிறார்கள் என்பதில்தான். தொங்குவது தோலா, கொழுப்பா, தளர்ந்த தசையா என்று யாரும் கேட்பதில்லை. கேட்க வேண்டியதே அதுதான்.

வயிற்றுக் கொழுப்பை எடுப்பதாக டிக்டொக்கில் வந்த விளம்பரம் பார்த்து கொழும்பில் ஓர் இடத்துக்கு நான்தான் போன் எடுத்தேன். வயிற்றைப் பார்க்காமலே, என்ன வருத்தம் என்று கேட்காமலே, "லிபோ செய்தால் சரி, தவணையிலும் கட்டலாம்" என்றது போனில் பேசிய பிள்ளை. பிரிட்ஜ் விற்பது போல. போனை வைத்துவிட்டேன்.

அப்புறம் ஹட்டனில் பஸ் ஏறி, கினிகத்தேனை, நாவலப்பிட்டி, கம்பளை என்று குலுங்கிக் குலுங்கி கண்டிக்குப் போய் ஒரு சத்திரசிகிச்சை டொக்டரைப் பார்த்தோம். அவர் முதலில் தோலைக் கிள்ளிப் பார்த்தார். மதினியைப் படுக்க வைத்து, தலையை மட்டும் தூக்கச் சொன்னார். நடு வயிற்றில் ஒரு மேடு எழும்பியது. பிள்ளை சுமந்ததில் இரண்டு பக்கத் தசையும் விலகிப்போன இடம் அது. இடைவெளி 2 சென்டிமீட்டருக்கு மேல் இருந்தால் பொதுவாக விலகல் என்றே எடுத்துக்கொள்வார்களாம். இருமச் சொன்னபோது தொப்புளில் ஒரு சின்ன உருண்டை வெளியே தள்ளியது, ஹேர்னியா என்கிற குடலிறக்கம். இத்தனை வருடமும் இதையெல்லாம் சேர்த்துத்தான் "தொப்பை" என்று சொல்லிக்கொண்டிருந்தோம்.

லிபோசக்ஷன் என்பது சின்னத் துளை போட்டு, குழாய் விட்டு, தோலுக்குக் கீழே இருக்கும் கொழுப்பை மட்டும் உறிஞ்சுவது. தொங்குகிற தோல் அதனால் போகாது. "அரிசிய எடுத்துட்டா சாக்கு இன்னும் தொங்குமே" என்றார் மதினி. டொக்டரே சிரித்துவிட்டார். குடலைச் சுற்றி உள்ளே படிந்த கொழுப்பையும் அந்தக் குழாய் தொடாது. நம் ஆம்பிளைகள் பலருக்கு இருக்கும் கல்லு மாதிரி வயிறு அந்த வகைதான், அதற்குக் கத்தி கிடையாது. சாப்பாடும் நடையும்தான்.

தொங்கும் மடிப்பை மட்டும் வெட்டி எடுப்பது பெனிகியுலெக்டமி. அதில் தசையை இழுத்துத் தைப்பதில்லை. புண்ணும் பாரமும் தொல்லை என்றால் அதுவே போதும். டம்மி டக் என்கிற அப்டொமினோபிளாஸ்டி இன்னும் பெரியது. ஓர் இடுப்பு எலும்பிலிருந்து மறு எலும்பு வரை அடிவயிற்றில் வெட்டி, தோலை மேலே வரை கிளப்பி, விலகிய தசையைச் சேர்த்துத் தைத்து, மிஞ்சிய தோலை எடுத்துவிட்டு, தொப்புளுக்குப் புது இடம் அமைப்பார்கள். தொப்புளுக்குக் கீழே மட்டும் தளர்ச்சி என்றால் அதிலேயே சின்ன வகை ஒன்று உண்டு. எதுவுமே மெலிவதற்கான வழி இல்லை. எடை சில மாதங்களாவது ஒரே அளவில் நின்றிருக்கவேண்டும், சீனி வருத்தம் இருந்தால் கட்டுக்குள் இருக்கவேண்டும், இனிப் பிள்ளை வேண்டாம் என்று முடிவாகியிருக்கவேண்டும்.

அழகு அழகு என்கிறவர்களுக்கு ஒன்று: தொங்கும் வயிற்றை வெட்டியெடுத்ததாக எழுதி வைத்த ஆரம்பகால மருத்துவர்களில் ஒருவர் அமெரிக்காவின் ஹவார்ட் கெல்லி. 1899இல். அவர் பெண்நோய் வைத்தியர். டிக்டொக் அப்போது இல்லை.

ஆபத்தையும் டொக்டர் மறைக்கவில்லை. உள்ளே நீர் கட்டலாம், அதை வடிக்கக் குழாய் வைப்பார்கள். தழும்பு சாகும்வரை இருக்கும். தொப்புளுக்குக் கீழே மாதக்கணக்கில் மரத்துப்போகும். காலில் இரத்தம் உறைந்து நுரையீரலுக்குப் போனால் உயிருக்கே ஆபத்து, அதனால் சீக்கிரமே எழுந்து நடக்கச் சொல்வார்கள்.

பிறகு "சிகரெட் குடிப்பீங்களா?" என்று கேட்டார். மதினிக்குச் சிரிப்பு வந்துவிட்டது, இல்லை என்றார். நான்தான் வாயைத் திறந்தேன்: "வெற்றிலையோட பொகையில போடுவாங்க டொக்டர்." டொக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். புகையிலையில் இருக்கும் நிகோட்டின் எந்த வழியாகப் போனாலும் இரத்தக் குழாயைச் சுருக்கும், இழுத்துத் தைத்த தோலுக்கு இரத்தம் பத்தாமல் ஓரம் கறுத்து அழுகலாம் என்றார். ஒரு மாதமாவது நிறுத்திவிட்டு வாருங்கள், சத்திரசிகிச்சைக்குப் பிறகும் தொடக்கூடாது என்று அனுப்பினார். நம் தோட்டத்து லயத்துப் பெண்களிடம் சிகரெட்டை மட்டும் கேட்டால் போதாது. கேட்கத் தெரியாத டொக்டரிடம் நீங்களாகவே சொல்லிவிடுங்கள்.

கடைசியாகச் சொன்னது ஆறு வாரக் கணக்கு. பாரம் தூக்கக்கூடாது. கூடை, தண்ணீர்க் குடம், விறகு ஒன்றுமே. ஆறு வாரமும் பேர் விழாது, அதாவது நாட்சம்பளம் இல்லை. அதற்கான காசை இப்போதே சீட்டில் சேர்க்கிறோம். அண்ணனிடம் சொன்னபோது, "ஆறு வாரமா?" என்று வாயைப் பிளந்தார். "மூணு புள்ளைக்கும் சேத்து நான் அவ்வளவு நாள் படுக்கலையே" என்றார் மதினி. அண்ணன் பேசாமல் குடத்தை எடுத்துக்கொண்டு தண்ணீர் பிடிக்கப் பீலிக்குப் போனார். இன்னும் போய்க்கொண்டிருக்கிறார், பழக்கத்துக்காம்.

இன்று புகையிலை விட்டு 24ஆம் நாள். வெற்றிலையும் பாக்கும் மட்டும் போடுகிறார் (பாக்கைப் பற்றி அடுத்த சண்டை). ருசியே இல்லையாம்.