தேர்ச்சி விகிதம் மட்டும் போதாது

தேர்ச்சி விகிதத்தை வைத்து அரசு உயர்நிலைப் பள்ளிகளை வரிசைப்படுத்தலாம் என்கிறது நான் படித்த ஒரு கட்டுரை. எனக்கு இதில் உடன்பாடில்லை. 1966இல் அமெரிக்காவில் சமூகவியலாளர் ஜேம்ஸ் கோல்மனின் குழு சுமார் 4,000 பள்ளிகளை ஆராய்ந்தது. கட்டட வசதியைவிடக் குடும்பப் பின்னணியும் உடன் படிக்கும் பிள்ளைகளும்தான் மதிப்பெண்ணோடு அதிகம் தொடர்புடையவை என்று அது சொன்னது. அப்படியென்றால் வெறும் தேர்ச்சி விகிதம் பிள்ளைகளின் வீட்டையும் சேர்த்தே அளக்கிறது.

நான் ஒன்பதாம் வகுப்புக்குக் கணக்கு எடுத்தவன். ஒரு மாணவி பின்னங்களைக் கூட்டச் சொன்னால் மேலே உள்ளதை மேலேயும் கீழே உள்ளதைக் கீழேயும் கூட்டிவிடுவாள். அரையும் மூன்றில் ஒன்றும் சேர்ந்தால் ஐந்தில் இரண்டு என்பாள். வருடக் கடைசியில் ஒருநாள் காகிதத்தை மடித்துப் பார்த்துவிட்டு, "சார், விடை அரையைவிடக் குறையுதே, எப்படி?" என்று அவளே கேட்டாள். அப்புறம் பொதுத்தேர்வில் வாங்கியது சுமாரான மதிப்பெண்தான். ஆனால் எவ்வளவு தூரம் வந்திருக்கிறாள்!

இங்கிலாந்தில் 2016இல் கொண்டுவந்த 'புரோகிரஸ் 8' என்ற பள்ளி மதிப்பீட்டு முறை அந்தத் தூரத்தைத்தான் அளக்கப் பார்த்தது. அதோடு, பாதியில் நின்றவர்களையும் கணக்கில் சேருங்கள். பின்தங்கிய பிள்ளைகளைத் தேர்வுக்கு முன்பே கழித்துவிட்டு நூறு சதவீதம் காட்டுவதும் நடக்கிறது.