பிரஷர் நார்மல் ஆகிவிட்டது என்று மாத்திரையை நிறுத்தாதீர்கள்

அப்பாவின் மேசை டிராயரில் மூன்று பிரஷர் மாத்திரை அட்டைகள் இருந்தன. இரண்டில் கைவைக்கவே இல்லை. மூன்றாவதில் நான்கு மாத்திரை மட்டும் குறைந்திருந்தது. அவருடைய பழைய மருந்துச் சீட்டைத் தேடும்போதுதான் இதைப் பார்த்தேன். அந்த நேரத்தில் அவர் மூளையில் ரத்தக் கசிவு ஏற்பட்டு, வலது கையும் காலும் அசையாமல் தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடந்தார்.

பல வாரம் கழித்து, பேச்சு கொஞ்சம் திரும்பியதும் கேட்டேன். "ஏம்ப்பா மாத்திரையை நிறுத்தினீங்க?"

"போன தடவை பார்த்தப்போ 120/80 இருந்துச்சே. நார்மல் ஆயிடுச்சுன்னு விட்டுட்டேன்."

இதே பேச்சை அதற்கப்புறம் எத்தனையோ பேர் வாயிலிருந்து கேட்டுவிட்டேன். அதனால்தான் எழுதுகிறேன்.

அந்த 120/80 மாத்திரை கொடுத்த அளவு. பிரஷர் மாத்திரையைக் காய்ச்சல் மாத்திரை மாதிரி ஐந்து நாள் சாப்பிட்டு முடித்துவிட முடியாது. பெரும்பாலானவர்களுக்கு வயது, பரம்பரை, உப்பு, எடை எல்லாம் சேர்ந்துதான் ரத்த அழுத்தம் ஏறுகிறது. மாத்திரை அதை அழுத்திப் பிடித்து வைத்திருக்கிறது, அவ்வளவுதான். பிடியை விட்டால் சில நாளிலோ சில வாரத்திலோ மறுபடி ஏறும். குளோனிடின் மாதிரி சில மருந்துகளைத் திடீரென நிறுத்தினால் பழைய அளவையும் தாண்டி எகிறும்.

ஏறும்போது உடம்பு பெரும்பாலும் எதுவும் சொல்லாது. "எனக்குத் தலைவலி இல்லை, மயக்கம் இல்லை, நன்றாகத்தான் இருக்கிறேன்" என்பதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. நன்றாக இருக்கிற அதே நாட்களில்தான் இதயத்தின் இடப்பக்கச் சுவர் தடிக்கிறது, சிறுநீரகத்தின் நுண்குழாய்கள் கெடுகின்றன, விழித்திரையின் ரத்தக்குழாய்கள் சுருங்குகின்றன. 40 முதல் 69 வயது வரை உள்ளவர்களில், 115/75-க்கு மேலே ஒவ்வொரு 20/10 கூடும்போதும் மாரடைப்பிலோ பக்கவாதத்திலோ சாகும் ஆபத்து ஏறக்குறைய இரட்டிப்பாகிறது. 150 என்பதை "கொஞ்சம்தான் கூட" என்று சொல்பவர்கள் இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்க்க வேண்டும்.

அமெரிக்க அதிபர் ரூஸ்வெல்ட்டுக்கு 1944 மார்ச்சில் 186/108 இருந்தது. 1945 ஏப்ரல் 12 அன்று, தலை பயங்கரமாக வலிக்கிறது என்று சொல்லி நினைவிழந்தார். அப்போது எடுத்த அளவு 300/190. அன்றே இறந்துபோனார், 63 வயதில். நாட்டையே ஆண்டவர், கூடவே ஒரு மருத்துவரும் இருந்தார். ஆனாலும் கொடுப்பதற்கு உருப்படியான மருந்து அன்றைக்கு இல்லை. சுலபமாக வாயில் போட்டு விழுங்கக்கூடிய குளோரோதையசைடு 1958-இல்தான் விற்பனைக்கு வந்தது. அவருக்குக் கிடைக்காதது என் அப்பாவின் டிராயரில் மூன்று அட்டை கிடந்தது. இதை நினைத்தால் எனக்கு இன்னும் வயிறு எரிகிறது.

பலர் வாய்விட்டுச் சொல்லாத காரணம் ஒன்றும் உண்டு. மாத்திரை ஏதோ தொந்தரவு கொடுத்திருக்கும். அம்லோடிபின் சிலருக்குக் கணுக்காலை வீங்க வைக்கும். எனாலபிரில், ராமிபிரில் வகை சிலருக்கு விடாத வறட்டு இருமலைக் கொண்டுவரும். டாக்டரிடம் சொன்னால் மாற்றிக் கொடுப்பார், வேறு வகைகள் நிறைய இருக்கின்றன. எடை குறைந்து, உப்பும் குறைந்து, அளவு நிஜமாகவே இறங்கினால் மாத்திரையைக் குறைக்கவும் செய்வார்கள். அதை அவர்கள் பார்த்துச் செய்யட்டும். உப்பு என்றதும் ஒன்று: ஒரு நாளுக்கு 5 கிராமுக்குக் கீழே என்கிறது உலக சுகாதார நிறுவனம். அது ஒரு டீஸ்பூனுக்கும் குறைவு, நாம் சாப்பிடும் எல்லாவற்றிலும் இருப்பதைச் சேர்த்து.

இப்போது வீட்டில் நான்தான் அப்பாவுக்கு அளவு எடுக்கிறேன், பாதிக்கப்படாத இடது கையில். ஐந்து நிமிடம் சும்மா உட்கார வைப்பேன். முதுகு சாய்ந்திருக்க வேண்டும், பாதம் தரையில் பட வேண்டும், கை நெஞ்சு உயரத்தில் இருக்க வேண்டும், பட்டையைச் சட்டைக்கு மேலே சுற்றக் கூடாது. பட்டை உப்பும்போது அவருக்கு ஏதாவது பேசத் தோன்றும். பேசினால் அளவு கூடும் என்பதால் உதட்டில் விரல் வைத்துக் காட்டுவேன். ஒரு நிமிடம் விட்டு இன்னொரு முறை எடுத்து, இரண்டையும் நோட்டில் எழுதுவேன். வீட்டில் எடுக்கும்போது சராசரி 135/85-ஐத் தொட்டாலே கூடுதல்தான்; 140 வரை பரவாயில்லை என்று விட்டுவிடாதீர்கள்.

சரி, இன்று ஒரு வேலை செய்யுங்கள். உங்கள் அப்பா அம்மாவின் மாத்திரை அட்டையை எடுத்து எண்ணுங்கள். கணக்கு உதைத்தால் திட்டாமல், பக்கத்தில் உட்கார்ந்து "ஏன் விட்டீங்க?" என்று கேளுங்கள். அந்த நான்காவது மாத்திரைக்கு அப்புறம் அப்பா எட்டு மாதம் எங்களோடுதான் உட்கார்ந்து சாப்பிட்டார். நாங்கள் யாரும் கேட்கவில்லை.