கண்மாயில் எங்களுக்கு ஒரு மூலை ஒதுக்குங்கள்

விநாயகர் சதுர்த்தி நெருங்கினால் "களிமண் சிலையே வாங்குவோம், நீர்நிலைகளைக் காப்போம்" என்று எல்லோரும் பதிவு போடுகிறார்கள். மதுரைப் பக்கம் விளாச்சேரியில் பொம்மை செய்து பிழைக்கிற எனக்கு அதில் சந்தோஷம்தான். ஆனால் அந்தக் களிமண் எங்கிருந்து வருகிறது என்று யாரும் கேட்டு நான் பார்த்ததில்லை. கண்மாயிலிருந்து, அதாவது ஊர் ஏரியிலிருந்து வருகிறது. அந்தக் கண்மாய் இன்று கிடக்கிற கிடப்பைப் பற்றித்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், பொறுத்துப் படியுங்கள்.

மண் வந்து இறங்கியதும் காயப்போட்டு, கட்டிகளை உடைத்து, தொட்டியில் ஊறவைத்து, கரைத்து வடிகட்டுவோம். என் மாமியார் காலத்தில் சல்லடையில் வேரும் நத்தை ஓடும் சுண்ணாம்புக்கல்லும்தான் நிற்குமாம். இப்போது கேரி பேக் துண்டு, ஷாம்பு பாக்கெட், மது பாட்டில் சில்லு, டயாப்பர் பஞ்சு, சில நாள் ஊசிகூட. மண்ணைக் காலால் மிதித்துப் பதப்படுத்துகிறவர்கள் நாங்கள். அந்தச் சில்லு யார் காலில் ஏறும் என்று கண்மாய்க் கரையில் குடித்துவிட்டுப் பாட்டிலை உடைக்கிறவர் ஒரு நிமிஷம் நினைத்துப் பார்க்க வேண்டும். சுண்ணாம்புக்கல் தப்பிப் போனால் சூளையில் வெந்து சுண்ணாம்பாகி, பிறகு ஈரம் பட்டதும் பொரிந்து, பொம்மையின் மேல்தோல் தெறித்துவிடும். பிளாஸ்டிக் துண்டு தப்பினால் அது எரிந்த இடத்தில் ஓட்டை விழும். இரண்டும் நஷ்டம்தான். ஆனால் கல் மண்ணோடு பிறந்தது, பிளாஸ்டிக் நாம் போட்டது.

சாக்கடைத் தண்ணீர் கலக்கிற கண்மாய் என்றால் மண்ணே நாறும். கை முழுக்க அரிப்பு எடுக்கும். மாடக்குளம், தென்கால், நிலையூர் என்று எங்கள் பக்கத்துப் பெரிய கண்மாய்கள் வைகையிலிருந்து கால்வாய் வழியாகத் தண்ணீர் வாங்குகிறவை. நம் பக்கத்தில் ஒரு கண்மாய் நிறைந்தால் மிச்சத் தண்ணீர் கலுங்கு வழியாக அடுத்த கண்மாய்க்குப் போகும். அப்படித்தான் முன்னோர்கள் அமைத்து வைத்தார்கள். மேல் கண்மாயில் கொட்டுகிற குப்பையும் அதே வழியாகத்தான் கீழே வருகிறது.

சரி, மண் எடுக்க அனுமதி இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது. மண்பாண்டத் தொழிலாளர்கள் கட்டணமில்லாமல் மண் எடுக்க 1959-ஆம் ஆண்டின் சிறு கனிம விதிகளிலேயே இடம் உண்டு. 2024-இல் அதை எளிதாக்கி, தாசில்தார் அளவிலேயே அனுமதி வாங்கலாம் என்று ஆக்கினார்கள். மண்பாண்டம் செய்கிறவர்களுக்கு 60 கன மீட்டர். டிராக்டரில் ஏறக்குறைய 20 நடை. என் வீட்டு அளவுக்கு அது தாராளம். இதைச் செய்தவர்களுக்கு மனதார நன்றி.

சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. எல்லா மண்ணும் பொம்மைக்கு ஆகாது. ஒரே கண்மாயிலேயே வரத்துக்கால் பக்கம் மணலும் பருக்கையும் தங்கிவிடும். தண்ணீர் அசையாமல் நிற்கிற கரையோரத்து ஆழத்தில்தான் நைசான களி படியும். எங்களுக்கு வேண்டியது அதுதான். நாங்கள் எடுப்பதற்கு முன்பே ஜேசிபி இறங்கி, கரம்பை என்கிற வண்டல், களி, அடிமண் எல்லாவற்றையும் ஒன்றாக வாரி லாரியில் ஏற்றிவிட்டால், பிறகு எங்களிடம் அனுமதிக் காகிதம் இருந்து என்ன பயன்? ஒரு அலுவலகத்தில் இதைச் சொன்னபோது, "மண்ணுன்னா எல்லாம் மண்ணுதானேம்மா" என்றார் அங்கிருந்தவர். இல்லை ஐயா. நாற்பது வயதில் நான் இன்னும் கையில் உருட்டிப் பார்த்துத்தான் மண்ணைத் தெரிந்துகொள்கிறேன்.

அதனால் நான் கேட்பது இது. மண்பாண்டக்காரர்களும் பொம்மை செய்கிறவர்களும் இருக்கிற ஊர்களின் கண்மாயில் களி படியும் மூலையை அளந்து எங்களுக்கென்று ஒதுக்குங்கள். அங்கே இயந்திரம் இறங்கக் கூடாது. நாங்கள் சித்திரை, வைகாசியில் தண்ணீர் வற்றியதும் மேலாக இரண்டடி, மூன்றடி எடுப்போம். மழைக்கு மழை அது கொஞ்சம் கொஞ்சமாக மறுபடி படியும். மண் எடுக்க எடுக்கக் கண்மாய்க்கும் தூர் வாரியதாகும்.

இதை எங்கள் பிழைப்புக்காக மட்டும் சொல்லவில்லை. முன்பு கண்மாயைக் காத்தது ஆயக்கட்டு, அதாவது கண்மாய்த் தண்ணீரில் பயிர் செய்தவர்கள். வயலுக்குத் தண்ணீர் வேண்டும் என்பதால் மடையைப் பார்த்தார்கள், கரையைப் பார்த்தார்கள், ஊரார் கூடிக் கண்மாயைச் செப்பனிடும் குடிமராமத்து செய்தார்கள். இன்று மதுரையைச் சுற்றி எத்தனையோ வயல்கள் பிளாட் ஆகிவிட்டன. பிளாட்டில் குடியிருப்பவருக்கு ஆழ்துளைக் கிணறும் லாரித் தண்ணீரும் இருக்கின்றன. அந்தக் கிணற்றுக்கு ஊற்றே கண்மாய்தான் என்றாலும் அவர் கண்மாய்க்குள் இறங்க ஒரு தேவையும் இல்லை. 2017-இல் குடிமராமத்து என்ற பேரில் அரசே மறுபடி வேலை தொடங்கியது. நல்ல திட்டம். ஆனால் தூர் வாரிய கண்மாய்க்கு அதன்பின் தினமும் போக ஒரு ஆள் இல்லையென்றால் குப்பை லாரிதான் போகும். மீன் குத்தகைக்காரர், ஆடு மேய்ப்பவர், மண் எடுக்கும் நாங்கள், இவர்களுக்குத்தான் இன்றும் கண்மாயில் வேலை இருக்கிறது. எங்களுக்கு அங்கே உரிமை இருந்தால், யார் வந்து எதைக் கொட்டினாலும் தடுத்துக் கேட்க முடியும்.

அப்புறம் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ். ஜிப்சத்தைச் சூடாக்கி எடுத்த மாவு அது. இறுகிவிட்டால் தண்ணீரில் கரையாது. கரைப்பதற்கான சிலையை அதில் செய்யக் கூடாது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் தடையைச் சொல்கிற காலம் தவறு. அதில் சிலை செய்யக் கூடாது என்று மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் வழிகாட்டுதல் 2020-இலேயே வந்துவிட்டது. அப்படியும் 2023-இல் என்ன நடந்தது? நெல்லையில் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸில் சிலை செய்த ஒருவரின் வழக்கில், செப்டம்பர் 16 அன்று உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் தனி நீதிபதி விற்கலாம் என்றார். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, இரு நீதிபதிகள் அமர்வு அதை நிறுத்தி வைத்தது. 18 அன்று, சதுர்த்தி நாளிலேயே, உச்ச நீதிமன்றம் தலையிட மறுத்தது. தீர்ப்பில் எனக்குக் குறை இல்லை. ஆனால் கடன் வாங்கிச் செய்த சரக்கோடு அந்த மூன்று நாளும் உட்கார்ந்திருக்கிறவரின் நிலைமையை யோசியுங்கள். நாங்கள் அச்சு எடுக்கத் தொடங்குவது தை மாதம். அதிகாரிகள் அப்போதே பட்டறை பட்டறையாக வந்து சொல்லட்டும். ஆவணியில் வந்து சீல் வைப்பதால் யாருக்கும் நன்மை இல்லை.

வாங்குகிறவர்களுக்கும் ஒன்று. சிலையின் அடியில் நகத்தால் சுரண்டிப் பாருங்கள், வெள்ளை மாவு வந்தால் வேண்டாம் என்று வைத்துவிடுங்கள். சுட்ட சிலையும் கரையாது, அதனால் கரைக்கிற பிள்ளையாரை வெயிலில் மட்டும் காயவைத்ததாகக் கேட்டு வாங்குங்கள்.

2025-இல் வந்த கலைஞர் கைவினைத் திட்டத்தில் 3 லட்சம் வரை கடன் உண்டு, 25 சதவீத மானியம் உண்டு. அது தவிர, மண்பாண்டத் தொழிலாளர்களுக்கு மழைக்காலத்துக்கு 5,000 ரூபாய் உதவியும் உண்டு. எல்லாம் தேவைதான். ஆனால் அந்தக் கடனை வைத்து நல்ல களி வாங்க எனக்குத் தெரிந்து மதுரையில் கடை எதுவும் கிடையாது.

அக்டோபர் 2-இலும் நவம்பர் 1-இலும் கிராம சபை கூடும். உங்கள் ஊரில் மண் வேலை செய்கிறவர்கள் இருந்தால், கண்மாயில் அவர்களுக்கு இடம் ஒதுக்கச் சொல்லித் தீர்மானம் கொண்டுவாருங்கள். மாநகராட்சிக்குள் இருப்பவர்கள் வார்டு கவுன்சிலரிடம் எழுதிக் கொடுங்கள். எந்தக் கண்மாயில் எந்தப் பக்கம் களி படிகிறது என்று காட்ட ஆள் வேண்டுமென்றால் கூப்பிடுங்கள், நாங்கள் வருகிறோம்.