ராஜா வாங்காத ராஜா கார்

1950-ல் பிரான்ஸில் இரண்டு பழைய கார்கள் ஒரு அமெரிக்கருக்குக் கைமாறின. அவர் பிரிக்ஸ் கன்னிங்ஹாம் என்ற பந்தய வீரர். கொஞ்சம் பணம் கொடுத்தார், கூடவே அமெரிக்காவிலிருந்து இரண்டு புது ஃப்ரிட்ஜும் தந்தார். போர் முடிந்த பிரான்ஸில் ஃப்ரிட்ஜ் குதிரைக்கொம்பு, அதனால் விற்றவர்களுக்கும் வருத்தம் இருந்திருக்காது. அந்த இரண்டில் ஒன்றை 1987-ல் லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹாலில் கிறிஸ்டீஸ் ஏலம் விட்டது. போன விலை 55 லட்சம் பவுண்டு!

அதுதான் பிரான்ஸின் புகாட்டி கம்பெனி செய்த ராயல் கார். போருக்கு முந்தைய கார் எது ஏலத்துக்கு வந்தாலும் 'அபூர்வம், அபூர்வம்' என்று விளம்பரம் செய்கிறார்களே, அதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு இந்தக் கார்தான் நினைவுக்கு வரும். ஏன் அபூர்வம் என்று மட்டும் யாரும் சொல்ல மாட்டார்கள். நான் சொல்கிறேன்: விற்கவில்லை, அவ்வளவுதான்.

கம்பெனியை ஆரம்பித்த எட்டோரே புகாட்டி 25 கார் செய்வதாக இருந்தார். மன்னர்களுக்கான கார் என்று பெயரிலேயே எழுதி ஒட்டியாயிற்று. 12.7 லிட்டர் எஞ்சின், வரிசையாக எட்டு சிலிண்டர், ஆறு மீட்டருக்கு மேல் நீளம், ஏறக்குறைய மூன்று டன் எடை. ரேடியேட்டர் மூடியில் பின்னங்கால்களில் எழுந்து நிற்கும் யானை. எட்டோரேயின் தம்பி ரெம்பிராண்ட் செய்த சிற்பம் அது. எல்லாம் கூடி வரும் நேரத்தில் 1929-ல் உலகப் பொருளாதாரம் படுத்துவிட்டது. கடைசியில் விற்றது மூன்றே கார். ஒரு ராஜா கூட வாங்கவில்லை. வாங்கியவர்களில் ஒருவர் ஆயத்த ஆடைத் தொழிலதிபர், இன்னொருவர் ஜெர்மனியில் பிரசவம் பார்க்கும் டாக்டர். ஆடைக்காரர் ராத்திரியில் ஓட்ட மாட்டாராம், அதனால் முன்விளக்கே இல்லாமல் செய்து வாங்கிக்கொண்டார். பணம் இருந்தால் என்னவெல்லாம் தோன்றுகிறது பாருங்கள்.

யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன் என்பார்கள். டாக்டருடைய யானை பேரீச்சம்பழத்துக்குப் போக இருந்தது. அவர் அதை ஷாங்காய் வரை கொண்டுபோய், பிறகு நியூயார்க் வந்து சேர்ந்தார். அங்கே குளிர்காலத்தில் தண்ணீர் உறைந்து எஞ்சின் வெடிப்பு விட்டது. வண்டி பழைய இரும்புக் கடைக்குப் போனது. ஜெனரல் மோட்டார்ஸைச் சேர்ந்த ப்யூக் கார் கம்பெனியின் தலைமைப் பொறியாளர் சார்ல்ஸ் செய்ன் அதைச் சுமார் 400 டாலருக்கு வாங்கி, எஞ்சினைச் சரிசெய்து, தன் இஷ்டத்துக்கு நாலு கார்புரேட்டர் வைத்து, நிறத்தையும் மாற்றி ஓட்டினார். அசலைக் கெடுத்துவிட்டார் என்று, பழைய காரில் எதையும் மாற்றக் கூடாது என்பவர்கள் இன்றும் முகம் சுளிப்பார்கள். அவர் இல்லையென்றால் கெடுப்பதற்குக் கூட ஒன்றும் மிஞ்சியிருக்காது, இதை யார் சொல்வது? பிறகு அவர் அதை விற்றுக் காசாக்கவில்லை, அமெரிக்காவின் டியர்பார்னில் உள்ள ஹென்றி ஃபோர்டு அருங்காட்சியகத்துக்குக் கொடுத்துவிட்டார். ஜெனரல் மோட்டார்ஸ்காரர் போட்டி கம்பெனியின் நிறுவனர் பெயரில் இருக்கும் இடத்துக்குக் கொடுத்தார் என்பதைக் கவனியுங்கள். 55 லட்சம் பவுண்டு கொடுத்தவரை விட இவர்மேல்தான் எனக்கு மரியாதை.

சரி, 25 காருக்கென்று தயாரித்த எஞ்சின்கள் என்ன ஆயின? எனக்கு இந்தக் கதையில் ரொம்பப் பிடித்த இடம் இதுதான். புகாட்டி அவற்றை ரயில் பெட்டிக்குள் வைத்தார். ஒரு வண்டிக்கு இரண்டு, பெரியதற்கு நாலு. 1933 முதல் பிரான்ஸின் தண்டவாளங்களில் அவை பறந்தன. ராஜாக்கள் வேண்டாம் என்ற எஞ்சின், டிக்கெட் எடுத்த ஜனங்களை ஏற்றிக்கொண்டு ஓடியது. கம்பெனியைக் காப்பாற்றியதும் பெரும்பாலும் அந்த ரயில் ஆர்டர்தான். ஏலக்காரர்கள் இதைப் பெருமையாகச் சொல்லி நான் பார்த்ததில்லை. தோல், மரம், எத்தனை கை மாறியது, எந்தச் சீமான் உட்கார்ந்தார் என்பதிலேயே பக்கம் நிரம்பிவிடுகிறது.

விற்றதும் விற்காததுமாக இன்று இருப்பது ஆறு ராயல். அதில் இரண்டு பிரான்ஸின் முலூஸ் நகரத்துக் கார் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. அதே ஊரில் ரயில் அருங்காட்சியகமும் உண்டு, அங்கே புகாட்டி ரயில் பெட்டி ஒன்று நிற்கிறது. நான் இன்னும் போனதில்லை. போனால் முதலில் அந்த ரயிலைத்தான் பார்ப்பேன், கார் அப்புறம்.