171 கோடியைப் பார்த்துச் சிரித்தவர்களுக்கு

இரண்டு நாள் பொறுத்துப் பார்த்தேன், முடியவில்லை. அந்த மீம் உங்கள் எல்லோருக்கும் வந்திருக்கும். அதை மறுபடி இங்கே போட்டு இன்னும் நாலு லைக் வாங்கித் தர விருப்பமில்லை. சுதந்திர இந்தியாவின் முதல் பட்ஜெட்டே 171 கோடிதானாம், அதை இன்றைய ஹீரோக்கள் ஒரே படத்தில் சம்பளமாக வாங்கிவிடுகிறார்களாம். கீழே வரிசையாகச் சிரிப்பு பொம்மைகள்.

சரி, சிரியுங்கள். ஆனால் 171.15 கோடி என்பது வரவு. செலவு 197.39 கோடி. அதுவும் ஒரு வருடத்துக்கு இல்லை. 1947 ஆகஸ்ட் 15 முதல் 1948 மார்ச் 31 வரை, ஏழரை மாதத்துக்கு. நவம்பர் 26 அன்று முதல் நிதியமைச்சர், நம்ம கோயம்புத்தூர் ஆர்.கே. சண்முகம் செட்டியார் எழுந்து நின்று வாசித்தது. மொத்தத்தை மட்டும் பார்த்தால் அது வெறும் எண். வரி வரியாகப் பார்த்தால்தான் கணக்கு.

பார்த்தீர்களா? ராணுவத்துக்கு 92.74 கோடி. தானிய மானியம் 22.52 கோடி. அகதிகளை மீட்டுக் கொண்டுவந்து சோறு போட 22 கோடி. போதாமல் துணிக்கும் நூலுக்கும் ஏற்றுமதி வரி போட்டிருக்கிறார், அதில் தேறியது 1.65 கோடி. அப்படியும் விழுந்த துண்டு 24.59 கோடி. வீடு வாசலை விட்டு எல்லை தாண்டி வந்தவர்களின் கஞ்சியும் கூடாரமும் அந்த 22-க்குள் இருக்கிறது. இதைப் படித்தால் உங்களுக்கு ஹீரோ சம்பளம் ஞாபகம் வருகிறது, நல்லது.

"பணவீக்கம் எங்களுக்கும் தெரியும், ஜாலிக்குப் போட்டோம்" என்பீர்கள். தெரிந்தும் போட்டீர்கள் என்றால் அது இன்னும் மோசம். "நீ என்ன ஆடிட்டரா?" இல்லை. மளிகைக் கடைக்காரர் பேத்தி.

என் தாத்தா தினமும் ராத்திரி கடையைச் சாத்திவிட்டு, அன்றாடச் சிட்டையில் இருப்பதைப் பேரேட்டில், அதாவது பெரிய கணக்குப் புத்தகத்தில், ஏற்றிவிட்டுத்தான் சாப்பிட உட்காருவார். கடன் சொன்ன சில பெயர்களுக்கு நேரே பென்சிலால் 'வராது' என்று எழுதியிருப்பார். 'வராது' என்று எழுதிய வீட்டுக்கே அடுத்த வாரமும் அரிசி போயிருக்கும், அதுவும் பற்றில் இருக்கும். அந்தப் பேரேட்டின் கடைசிக் கூட்டலை மட்டும் பார்த்தால் தோற்றுப்போன கடைதான். தாத்தா எப்படிப்பட்ட மனுஷன் என்று எனக்கு அந்த வரிகள்தான் சொல்லின.

அப்புறம், அந்த மீம் கீழேயே ஆரம்பித்துவிட்டார்கள்: "55 கோடியைத் தூக்கிக் கொடுத்தார்களே!" யாரும் தூக்கிக் கொடுக்கவில்லை. பிரிவினையில் பாகம் பிரித்த ரொக்க இருப்பில் பாகிஸ்தானுக்கு ஒப்புக்கொண்ட பங்கு 75 கோடி. 20 முன்பே போய்விட்டது, மீதி 55. காஷ்மீர் சண்டையால் நிறுத்திவைத்து, காந்தி உண்ணாவிரதம் தொடங்கிய பிறகு 1948 ஜனவரி நடுவில் விடுவித்தார்கள். அப்போது இரண்டு நாட்டுக்கும் ஒரே ரிசர்வ் வங்கி, ஜூன் 30 வரை. பாகம் பிரித்த பிறகும் ஒரே அடுப்பில் சமைத்த வீடு மாதிரி. கொடுத்தது சரியா தப்பா என்று சண்டை போடுங்கள், ஆனால் 75-ஐ மறைத்துவிட்டு 55-ஐ மட்டும் காட்டாதீர்கள்.

"செட்டியார் ஜஸ்டிஸ் கட்சிக்காரர், அவரைப் போய்த் தூக்கிப் பிடிக்கிறாயே" என்று ஒருவர் இன்பாக்ஸில். ஆமாம், காங்கிரசை எதிர்த்த அதே ஜஸ்டிஸ் கட்சிதான். வரி விசாரணைப் பட்டியலில் சில பெயர்கள் நீக்கப்பட்ட விவகாரத்தில் 1948 ஆகஸ்டில் பதவி விலகியதும் தெரியும். அதற்கு என்னிடம் பதில் இல்லை, இன்றைக்குத் தேடவும் போவதில்லை. நான் பேசுவது ஆளைப் பற்றி இல்லை, கணக்கைப் பற்றி. அந்த உரை நிதியமைச்சகத்தின் இணையதளத்தில் சும்மாதான் கிடக்கிறது. யாராவது திறந்தீர்களா?

எனக்கு எதற்கு இவ்வளவு கோபம் என்று கேட்கலாம். அந்த மீமை எங்கள் குடும்பக் குரூப்பில் முதலில் போட்டது என் சொந்த மாமா. தாத்தா வீட்டுக்கு வெள்ளை அடித்தபோது பேரேடுகளை எடைக்குப் போட்டதும் அவர்தான். "கரையான் அரிச்சது, வெறும் நம்பர்தானே பாப்பா" என்றார். அன்றைக்கு நான் ஒன்றும் சொல்லவில்லை.

மாமா, இதையும் படிப்பீர்கள் என்று தெரியும். எந்தப் பழைய பேப்பர்க் கடை என்று மட்டும் சொல்லுங்கள். நான் போய்க் கேட்டுப் பார்க்கிறேன்.