எஞ்சின் மாற்றியபின் ஏசி குளிரவில்லையா? கேஸ் ஏற்றுவது முதல் வேலை அல்ல

"எஞ்சின் மாற்றியபின் ஏசி குளிரவில்லை என்றால் கேஸ் குறைவுதான், ஒரு கேன் ஏற்றினால் போதும்" என்ற செய்தி சுற்றி வருகிறது. இது தவறு. இதை நம்பிக் கம்ப்ரசரையே (ஏசி கேஸை அழுத்திச் சுற்றவிடும் பம்ப்) இழக்க நேரலாம்.

முதலில் வண்டியை ஓடவிட்டு, ஏசியைப் போட்டு, கம்ப்ரசரின் முகப்பைப் பாருங்கள். புல்லி (பெல்ட் ஓடும் சக்கரம்) எப்போதும் சுற்றும். அதன் முன்னால் உள்ள கிளட்ச் தட்டு 'டக்' என்று ஒட்டிக்கொண்டு கூடவே சுற்ற வேண்டும். (கிளட்ச் இல்லாத கம்ப்ரசர்களுக்கு இது பொருந்தாது.) ஒட்டவில்லையா? கிளட்ச் வயரில் 12 வோல்ட் வருகிறதா என்று மீட்டரில் பாருங்கள். வந்தால் கோளாறு கிளட்சிலோ எர்த்திலோ இருக்கும். வராவிட்டால் ஃபியூஸ், ரிலே (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்), பிரஷர் சுவிட்ச் என்று பின்னோக்கிப் போங்கள். பல வண்டிகளில் ரிலேவை இயக்குவது எஞ்சினின் ஈசியூ, அதாவது எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினி. மாற்றிய எஞ்சினோடு வந்த புது ஈசியூவுக்கு ஏசி சுவிட்சின் சிக்னல் போய்ச் சேராவிட்டால், கேஸ் நிறைய இருந்தாலும் கிளட்ச் ஒட்டாது.

சரி, குழாய்களைக் கழற்றியிருந்தால்? உள்ளே காற்றும் ஈரமும் புகுந்திருக்கும். டிரையரை (ஈரத்தை உறிஞ்சும் பாகம்) மாற்றி, வேக்கம் போட்டு (பம்பால் உள்ளிருக்கும் காற்றையும் ஈரத்தையும் உறிஞ்சி எடுத்து), பானட்டுக்கு அடியில் ஒட்டியுள்ள லேபிளில் சொன்ன கிராம் அளவை எடைபோட்டுத்தான் ஏற்ற வேண்டும். கண்மதிப்பில் ஏற்றி அளவு கூடினால் அழுத்தம் ஏறும், குளிர்ச்சி இன்னும் குறையும்.